ஆய்வுக்கூடத்துக்குப் போன ஹோலர்

ஆய்வுக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தபோது நான் என் காதுக்கருவியைத் தேடிக்கொண்டிருந்தேன். அது காதில்தான் இருந்தது என்பது மணிச் சத்தம் கேட்டபிறகே தெரிந்தது.

"போல்டி ஐயா, நீங்க அனுப்பின காட்டு ஹோலர்ல லவங்கப்பட்டை இருக்கு" என்றார் டாக்டர் ரொஸ்விதா. குரலில் சிரிப்பில்லை. "பிளம்ஸ் இருக்கு. சர்க்கரை தோட்டத்துப் பழத்தைவிடப் பல மடங்கு இருக்கு. வைட்டமின் சி மட்டும் இல்லவே இல்ல."

"அது நல்ல ஜாதிச் செடி, டாக்டரம்மா" என்றேன். வேறென்ன சொல்வது?

என் மனைவி பூர்கி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் கையில் ஒரு கரண்டி.

மற்ற தேசத்தார் எல்டர்பெர்ரி என்று சொல்வதை நாங்கள் ஹோலர் என்போம். எங்கள் ஸ்டீரியாக் குன்றுகளில் அதை வரிசை வரிசையாகப் பயிரிடுகிறோம். கறுப்புக் குலைகளைக் கூட்டுறவுச் சங்கம் வாங்கிக்கொள்ளும். எங்கேயோ யாரோ தின்னும் மிட்டாய்க்கு எங்கள் பழம் நிறம் கொடுக்கும். சில வருடங்களாக ஒரு பொடி ஈ வந்து பழத்துக்குள் முட்டையிடுகிறது. போன வருடம் எவ்வளவு ஈ என்றால், பாதிரியார் இருமல் தாங்காமல் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு இறங்க, மீதியை ஈக்களே ரீங்கரித்து முடித்தன. முன்வரிசையில் இருந்தவர்கள் பாதிரியாரைவிட நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

ஈக்கள் காட்டுச் செடிகளில் குடியிருந்துதான் தோட்டத்துக்கு வருகின்றன என்று சங்கத்தில் முடிவாயிற்று. ஆகவே தோட்டங்களை ஒட்டிய காட்டு ஹோலர்களை எல்லாம் வெட்டவேண்டும். எங்கள் தொழுவத்துச் சுவரோரம் ஒன்று நிற்கிறது. யாரும் நட்டதில்லை. வீட்டை ஒட்டித் தானாக வளர்ந்த ஹோலரை இங்கே யாரும் தொடமாட்டார்கள். வெட்டினால் அந்த வீட்டில் ஒருவர் போய்விடுவார் என்று பேச்சு. எங்கள் வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருத்திக்கு இதயத்தில் வால்வு கெட்டுப்போய், அடுத்த வாரம் கிராட்ஸ் நகரத்து மருத்துவமனையில் அறுவை சிகிச்சை.

"மயக்க மருந்து குடுத்து என் நெஞ்சைத் திறப்பாங்க. அந்த நேரம் பார்த்து இங்க இதை அறுப்பீங்களா?" என்று பூர்கி சங்கக் கூட்டத்திலேயே எழுந்து கேட்டாள். "செடி போச்சுன்னா நான் ஆஸ்பத்திரிக்குப் போகலை. அவ்வளவுதான்."

அவள் அவ்வளவுதான் என்றால் அவ்வளவுதான். ஆஸ்பத்திரி டாக்டர்கள் என்னைத் தனியே கூப்பிட்டு, தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. நான் இளைத்த வேகத்தில், ஒருநாள் கால்சட்டை எனக்கு முன்னதாகவே படியிறங்கிப் போய்விட்டது.

சங்கத் தலைவன் எங்கல்பெர்ட் கெட்டவன் இல்லை. ஒரு வழி சொன்னான். காட்டுப் பழத்தையும் தோட்டத்துப் பழத்தையும் ஆய்வுக்கு அனுப்புவோம். காட்டுப் பழத்தில் உருப்படியாக ஏதாவது கூடுதலாக இருந்தால், கன்று எடுக்க என்று சொல்லி அந்த ஒரு செடியை வலை போட்டுக் காப்பாற்றலாம். இல்லாவிட்டால் சனிக்கிழமை ரம்பம்.

எங்கல்பெர்ட் தோட்டத்துக் குலையை அப்படியே பெட்டியில் வைத்து அனுப்பினான். பூர்கி ஒரு கண்ணாடி ஜாடியைக் கட்டிக் கொடுத்தாள். உள்ளே என்ன என்று நான் பார்க்கவில்லை.

இப்போது தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டேன். "அதைச் சமைச்சா அனுப்பினே?"

"பின்னே? பச்சை ஹோலரையா ஒரு படிச்ச பொம்பளைக்குக் குடுப்பாங்க? வாந்தி எடுக்க மாட்டாங்க?"

"அவங்க தின்ன மாட்டாங்க, பூர்கி. சோதிப்பாங்க."

"தின்னாம எப்படி சோதிப்பாங்க?"

பிறந்ததிலிருந்து ஹோலரைக் கொதிக்க வைக்காமல் அடுத்தவருக்குக் கொடுத்த பெண் இந்தக் குன்றில் ஒருத்தி கிடையாது. அவள் விருந்தாளிக்குச் செய்வதுபோலப் பக்குவமாகச் செய்திருந்தாள்.

"நாளைக்கு நானே வரேன்" என்றார் ரொஸ்விதா. "பச்சைப் பழமா ஒரு குலை இருந்தா போதும்."

ஒரு குலைதான் இருந்தது. மற்றதையெல்லாம் குருவிகள் முடித்துவிட்டிருந்தன. எங்கள் ஊர்க் குருவிகள் தின்றுவிட்டுப் பறக்கமாட்டாமல் நடந்தே வீட்டுக்குப் போகிறவை. அந்தக் கடைசிக் குலை உச்சியில், சாணக்குழிக்கு நேர் மேலே தொங்கியது.

மறுநாள் காலை ரொஸ்விதா வந்தபோது எங்கல்பெர்ட்டும் வந்து நின்றான். வண்டியின் பின்பக்கம் ரம்பம் தெரிந்தது.

"பெரியவரே, விலகுங்க. நான் ஏறுறேன்."

"நீ ஏறினா குலை தானா கீழே விழுந்துரும்டா, எனக்குத் தெரியாதா?" என்று ஏணியில் கால் வைத்தேன். பூர்கி ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ பிடிக்காதே. மூச்சு வாங்குது உனக்கு."

"பேசாம ஏறுய்யா. விழுந்தா சாணிதான். சாக மாட்டே."

அவள் மூச்சு வாங்கும் அதிர்வு ஏணி வழியாக என் பாதத்துக்கு வந்தது. அவளைக் கீழே பார்க்க வேண்டாம் என்று பழத்தையே பார்த்துக்கொண்டு ஏறினேன். குலையைக் கிள்ளி, வாயில் காம்பைக் கவ்விக்கொண்டு இறங்கினேன். ரொஸ்விதா அதை வெள்ளைத் துணியில் வைத்து, பூதக்கண்ணாடியால் பழம் பழமாகப் பார்த்தார். ஈ துளைத்திருந்தால் சாறு கசியும். கசிந்தால் சங்கம் சொன்னது நிரூபணமாகிவிடும்.

எங்கல்பெர்ட்கூடக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தான்.

"இதுல ஈ இல்ல" என்றார் கடைசியில்.

"அப்ப சத்து?" என்றாள் பூர்கி.

"அது பார்த்தாத்தாம்மா தெரியும். தோட்டத்துப் பழம் ஒரே மாதிரி இருக்கும். பெருசு, இனிப்பு. காட்டுப் பழம் செடிக்குச் செடி மாறும். சிலதுல நிறச்சத்து அள்ளிக் கொட்டும். சிலதுல ஒண்ணும் இருக்காது."

"இது எந்தச் சிலது?"

டாக்டர் அவளுடைய நீலம் பாரித்த உதடுகளைச் சற்று நேரம் பார்த்தார். பொய் சொல்லக்கூடிய இடம்தான். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"தெரியலம்மா" என்றார். "வெள்ளிக்கிழமை சொல்றேன்."

குலையைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, பெட்டியை முன்சீட்டில் வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டார். வண்டி திராட்சைச் சரிவு வழியே இறங்கி மறையும்வரை நின்றோம். எங்கல்பெர்ட் தொப்பியைத் திருகிக்கொண்டே, "வெள்ளிக்கிழமை வரைக்கும் ரம்பத்தை எடுக்கலை" என்று முனகிவிட்டுப் போனான்.

பூர்கி உள்ளே போனாள். பின்னாலேயே போய்க் கதவோரம் நின்று பார்த்தேன். ஆஸ்பத்திரிப் பெட்டியை அலமாரியிலிருந்து இறக்கிக் கட்டிலில் திறந்து வைத்தாள். இரவு உடுப்பு இரண்டு, சீப்பு, துண்டு எல்லாம் அடுக்கினாள். ஆஸ்பத்திரிக்கென்று வாங்கிய புதுச் செருப்பைக் கையில் எடுத்தவள், கொஞ்சம் யோசித்து அதைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டாள். வெள்ளிக்கிழமைக்கு விட்டதுபோலப் பெட்டியை மூடவில்லை. என்னைத் தாண்டி முற்றத்துக்குப் போய், பழமில்லாத அந்தச் செடியின் அடியில், புதுச் செருப்பைக் காலுக்குப் பழக்குவதுபோல ஈரத்தில் நடந்துகொண்டிருந்தாள்.