இரண்டாவது குழாய்

அண்ணியின் ரத்த அணுக்கள் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தன. அவர் வேலை பார்க்கும் அச்சகக் காற்றில் ரத்தத்தைக் கெடுக்கும் பென்சீன் ஆவி கலந்திருக்குமோ என்று, ஆய்வகத்தில் பணிபுரியும் நாத்தனாருக்குச் சந்தேகம். அண்ணியை விடுப்பு எடுத்து வீட்டுக்குள்ளேயே இருக்க வைத்துவிட்டு, அச்சகத்தில் காற்றைச் சோதிக்கும் ஒரு சிறு கண்ணாடிக் குழாயையும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அண்ணியின் படுக்கையறையில் இன்னொன்றையும் தொங்கவிட்டிருந்தாள். உள்ளிருக்கும் பொடியின் மூலக்கூறுகள் நுண்ணிய கிண்ணங்களைப் போன்றவை. காற்றில் எத்தனை ஆவிகள் இருந்தாலும் பென்சீனை மட்டுமே பிடித்து வைத்துக்கொண்டு, சூடாக்கியதும் விட்டுவிடும்.

ஆய்வகத்தில் அச்சகக் குழாயைச் சூடாக்கினாள். திரையில் பென்சீன் அளவைக் காட்டும் கோடு அசையவே இல்லை.

"அநியாயமா அச்சகத்து மேல பழி போட்டியேம்மா!" என்று சிரித்தார் உடன் பணிபுரிபவர்.

கடமைக்காக மற்றதையும் சூடாக்கினாள். கோடு மளமளவென்று ஏறியது. படுக்கையறைக்கு நேர் கீழேதான் அண்ணன், பென்சீன் கலந்த பெட்ரோலில் வண்டிச் சாமான்களைக் கழுவுவது வழக்கம். உடனே கைபேசியை எடுத்தாள்.

"அண்ணி, இப்பவே வெளியே வாங்க!"

"நீதானே வெளியே தலைகாட்டாதீங்கன்னே?"

"தப்பு என்னோடதுதான். தெருவுக்கு வந்து நல்லாத் திட்டுங்க. போனை மட்டும் வைக்காதீங்க."

"இரு, செருப்பைக் காணோம்."

"செருப்பு கிடக்கட்டும் அண்ணி!"

கதவு திறக்கும் ஓசை கேட்கும்வரை அவள் மூச்சே விடவில்லை.