நோரா வில்கெட் வீடு திரும்ப

சாந்தி அக்கா, இதைத் தனியாக இருந்து வாசி. நான் ஃபோனில் கோல் எடுத்தால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய். அதனால்தான் ஃபாரஸ்ட் கேட் பஸ் தரிப்பிடத்தில் நின்றுகொண்டு, வாயால் சொல்லச் சொல்ல ஃபோனை எழுத விட்டிருக்கிறேன்.

"என்னடி செய்தனீ அங்க? ஞாயிற்றுக்கிழமைப் பூசை பாத்ததில இருந்து அம்மா ஒருத்தரோடயும் கதைக்கிறா இல்லை" என்று கேட்டிருந்தாய். அன்று இங்கே தமிழ்ப் பூசையில் காணாமல் போன நம் கொட்வின் அண்ணாவின் பேரை இறந்தவர்களின் பேர்களோடு சேர்த்து வாசித்துவிட்டார்கள். அம்மா அதை மன்னாரில் இருந்து லைவில் கேட்டிருக்கிறார்.

போர் முடிந்த பிறகு மற்ற வீடுகளில் ஒவ்வொருவராகப் படத்துக்கு மாலை போட்டார்கள். அம்மா மட்டும் கார்த்திகையில் அவனுக்குப் பிறந்தநாள் கேக் வெட்டினார். செத்தவர்களுக்கு வைக்கிற ஆத்துமப் பூசை வைப்போமா என்று கேட்ட சாமியாரை முற்றத்தோடு திருப்பி அனுப்பினார். அப்படிப்பட்ட அம்மாவுக்கு இப்படி நடந்தது என்னால்தான். ஆனால் நான் நினைத்துச் செய்தது வேறு.

நான் காவல் வேலை செய்யும் ஓவியக் கலரியில் இந்த மாதம் என்னை ஒரே அறையில் போட்டிருக்கிறார்கள். நோரா வில்கெட் என்ற அமெரிக்கப் பெண் வரைந்த ஏழு படங்கள் அங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றும் நம் வீட்டுக் கூரையளவு உயரம். ஆளும் இல்லை, மரமும் இல்லை. கறுப்புக்குள் மண்ணிறம், அதற்குள் ஆறிப்போன சிவப்பு. கீழ் ஓரத்தில் மட்டும் விரலளவு அகலத்துக்குத் துணியைப் பூசாமல் விட்டிருக்கிறார். மூடிய கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரிவதுபோல இருக்கும். பேர்ப்பலகை இல்லை. விளக்கும் மங்கல். ஆட்கள் போய்விட்டால் நானும் நான் இருக்கிற மரவாங்கும்தான். இருந்தாற்போல அந்த வெளிச்சத்தில் ஒரு இடம் கறுக்கும். யாரோ மற்றப் பக்கத்தில் வந்து கதவோடு நிற்பதுபோல. நான் எழும்பிக் கிட்டப் போவேன். வெறும் துணி. திரும்பி வந்து இருந்தால் முதுகு கூசும்.

கூட வேலை செய்கிற அஜந்தாவிடம் சொன்னேன். இங்கேயே சட்டனில் பிறந்த பிள்ளை, சித்திரம் படித்தவள்.

"சீரியஸா அக்கா? அது பெயின்ற். வெறும் பெயின்ற்."

"எனக்கு அந்த அறை வேண்டாம். சுப்பவைசரிட்டச் சொல்லி மாத்தித் தாவன்."

"மன்னார்க்காரர் ரோட்டில கழுதை குறுக்க வந்தாலும் விலகமாட்டினமாம். நீங்கள் கன்வசுக்குப் பயப்படுறீங்கள்."

"கழுதை முன்னால நிக்கும். இது பின்னால நிக்குது."

அவள் சிரித்துப்போட்டு, பிறகு சாப்பாட்டு நேரத்தில் நோராவின் கதையைச் சொன்னாள். சொல்லாமலே விட்டிருக்கலாம்.

நோரா நெப்ராஸ்காவில், சோளம் விளைகிற ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். படம் வரைய நியூயோர்க் போனார். ஒரு பழைய தையற்கடைக்கு மேலே அறை எடுத்து, சுவருக்கு அடிக்கிற அகலத் தூரிகையால் வரைந்தார். அவரோடு திரிந்த ஆண்கள் வரைந்த படங்களெல்லாம் பத்திரிகைகளில் வந்தன. நோரா வரைந்ததைப் பார்த்தவர்கள் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கப் போகலாமே என்று எழுதினார்கள். பிறகு அவருடைய தம்பி வால்ட்டர் கொரியாச் சண்டைக்குப் போனான். காணவில்லை என்று தந்தி வந்தது. செத்துவிட்டான் என்று ஒருவரும் சொல்லவில்லை. தாய் கல்லறையில் அவனுக்குக் கல் வைக்க விடவில்லை. அதற்குப் பிறகு நோரா வேறொன்றும் வரையவில்லை, இதையே திரும்பத் திரும்ப. என்ன வரைகிறாய் என்று ஒருவர் கேட்டதற்கு, "கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்" என்றாராம். தனியே செத்துக் கிடந்து, சில நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். அடக்கப் பூசையும் நடக்கவில்லை. இப்போது பெடியன் பெட்டைகள் வரிசையில் நின்று பார்த்து அழுகிறார்கள். கீழ்க் கடையில் அந்த வெளிச்சக் கோடு போட்ட துணிப்பையும் விற்கிறது.

"இப்பவும் பயமோ?" என்று கேட்டாள் அஜந்தா.

இன்னும் கூடிவிட்டது, அக்கா. இப்போது கறுப்புக்கு அந்தப் பக்கம் நிற்பது யார் என்று எனக்குத் தெரியும். சில நேரம் நோரா. சில நேரம் அவ்வளவு உயரமில்லாத ஒரு ஆள், ஒரு தோள் சரிந்து. கொட்வின் அண்ணா அப்படித்தானே நிற்பான்.

செத்தவர்கள் வந்து நின்றால் மன்றாட்டுக் கேட்கிறார்கள் என்று நமக்குச் சொல்லித் தந்தது அம்மாதான். பூசை ஒப்புக்கொடுத்தால் போய்விடுவார்கள். நோராவுக்கு ஒருவரும் கொடுக்கவில்லை, நானாவது கொடுக்கலாம் என்று நினைத்தேன். அண்ணாவின் பிறந்தநாளும் அந்தக் கிழமைதான். அவன் சுகமாக வீட்டுக்கு வரவேண்டும் என்று அம்மா வருடாவருடம் வாசிக்கச் சொல்வதையும் சேர்த்து, கத்தரின் அன்ரிக்கு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். பூசைக் கருத்துகளை, யார் யாருக்காகப் பூசை என்பதை, கோயிலில் வாசிக்கிறவர் அவர்தான்.

பஸ்ஸுக்குள் நின்று அவசரமாகச் சொன்னேன். "அன்ரி, ரெண்டு பேர். நோரா வில்கெட். மற்றது எங்கட கொட்வின் அண்ணா, ரெண்டாயிரத்து ஒன்பதில காணாமல் போனவர். ஒராளுக்கு ஆத்தும இளைப்பாற்றி, மற்றாள் சுகமா வீட்டை வரவேணும்." யாருக்கு எது என்று சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முதலில், "நோரா வில்கெட் சுகமாக வீடு திரும்ப" என்று வாசித்தார். பேர் மாறிவிட்டது. எழும்பிப் போய்ச் சொல்வோமா என்று யோசிப்பதற்குள் இறந்தவர்களின் பேர்கள் தொடங்கிவிட்டன. அதில் அண்ணா. நித்திய இளைப்பாற்றி என்று அன்ரி சொல்ல, கோயில் முழுக்க, "முடிவில்லாத ஒளி அவர்கள்மேல் ஒளிர்வதாக" என்றது.

பூசை முடிந்ததும் அவரைப் பிடித்தேன்.

"அன்ரி, அண்ணாவை ஏன் அந்தப் பக்கம் போட்டனீங்கள்?"

"எந்தப் பக்கம்?"

"செத்த பக்கம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, மன்னார்ப் பொடியன், ரெண்டாயிரத்து ஒன்பது எண்டு நீதானே சொன்னனீ. அதுவும் கார்த்திகை, செத்த ஆத்துமாக்கள்ர மாசம். நான் வேற எந்தப் பக்கம் போடுறது? அந்த வெள்ளைக்காரப் பேரை உன்னோட வேலை செய்யிற பிள்ளை எண்டு நினைச்சன். ஆஸ்பத்திரியில கிடக்குதாக்கும் எண்டு."

"அவதான் செத்தவ."

"ஐயோ மாதாவே." கண்ணாடியைத் துடைத்துத் திரும்பப் போட்டார். பிறகு மெல்லச் சொன்னார். "என்ர தம்பியையும் கனகாலம் உயிரோட இருக்கிற பக்கம்தான் வச்சிருந்தனான். பிறகு மாத்தினனான். மாத்தின அண்டு நல்லா நித்திரை வந்தது. அதுக்கு இப்பவும் நான் என்னை மன்னிக்கேல்லை."

இன்று காலை அம்மா எனக்குக் கோல் எடுத்தார். உன்னிடம் சொல்லவில்லை போல.

"பெனிற்றா, நீ எந்தப் பக்கம் குடுத்தனீ?"

"உயிரோட இருக்கிற பக்கம் அம்மா. அன்ரிதான் மாறி வாசிச்சவ."

"சத்தியமா?"

"சத்தியமா."

"நான் மறுமொழி சொல்லிப்போட்டன் பிள்ளை. பேர் காதில விழமுதல் வாய் தன்ர பாட்டுக்குச் சொல்லிப்போட்டுது. முடிவில்லாத ஒளி எண்டு நானே அவனுக்குச் சொல்லிப்போட்டன். பெத்த வாய். அதுதான் வாயே திறக்காமல் இருக்கிறன்."

பிழை அன்ரியுடையது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அடுத்த ஞாயிறு திருத்தி வாசிக்க வைக்கிறேன் என்றேன். அம்மா உடனே பிடித்துக்கொண்டார். "ஓம், வாசிக்கச் சொல்லு. உரத்து வாசிக்கச் சொல்லு. நான் சொன்னதை நான்தானே திருப்பி எடுக்கவேணும்."

வைக்கப்போகும் நேரத்தில் கேட்டார். "அந்த நோரா எண்ட பிள்ளை வீட்டை வந்துட்டாளே?"

"இன்னும் இல்லை அம்மா."

"வருவாள். அவளுக்கும் தாய் இருப்பா தானே. நானும் ஒரு செபம் சொல்லுறன்."

அம்மா நோராவுக்காகச் செபமாலை உருட்டத் தொடங்கியிருப்பார். நோரா செத்து ஐம்பது வருடத்துக்கு மேல் என்று நீ சொல்லிவிடாதே.

அக்கா, இப்போது நான் உன்னிடம் கேட்கவேண்டியதைச் சொல்கிறேன். அன்று கோயிலில் அண்ணாவின் பேர் வந்தபோது, அந்த மறுமொழியைச் சொன்னது அம்மாவின் வாய் மட்டும் இல்லை. நானும் சொன்னேன். எனக்கு அது தன்பாட்டில் வரவில்லை. பேரைக் கேட்டு, விளங்கி, பிறகு சொன்னேன். சொன்னதும் தோள் இரண்டும் இளகிவிட்டன. திங்கட்கிழமை அந்த அறையில் முதுகு கூசவில்லை. ஏழு படங்களுக்குக் கீழேயும் வெளிச்சம் முழுதாக இருந்தது. அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. வாங்கில் இருந்து அழுதேன். வந்தவர்கள் படத்தைப் பார்த்து அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அன்ரி ஒத்துக்கொண்டுவிட்டார். வாற ஞாயிறு உங்களுக்குப் பின்னேரம், அண்ணாவின் பேரைச் சுகமாக வீடு திரும்புகிறவர்களோடு வாசிப்பார். நீ கடைக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் இரு. "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று அம்மாவோடு சேர்ந்து உரத்துச் சொல்லு. என் குரலும் கேட்கவேண்டும் என்று அவர் நினைப்பார். லைவில் அவ்வளவு தூரத்துக்குக் கேட்காது என்று சொல்லிவை. நான் கோயிலுக்குப் போவேன், முன் வரிசையிலேயே நிற்பேன். வாய் திறக்குமோ தெரியாது.