மா ஹ்னின் தங்கியிருக்கும் வீடு

யாங்கூனின் லத்தா வட்டாரத்தில், பதினேழாம் தெருவில், மூன்றாம் மாடியிலிருக்கும் மஞ்சுளாவின் வீட்டுக்குள் மட்டும் மூன்று வருடமாகப் பனி பெய்கிறது. ஏப்ரலிலும் பெய்கிறது. கீழே பழக்கடைக்காரர்கள் வெயிலில் வெந்துகொண்டிருக்க, அவள் வீட்டு அரிசிப் பானை வெள்ளைத் தொப்பி போட்டிருக்கும். இதற்குக் காரணம் பொறாமை என்று தெருவுக்கே தெரியும், மஞ்சுளாவும் மறுப்பதில்லை.

அவள் கணவன் சிவராஜ் கப்பல் சமையல்காரன். அண்டார்டிகாவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பதினெட்டுப் பேருக்குச் சமைக்கப் போனான். ஒரு குளிர்காலம் என்றுதான் பேச்சு. அங்கே வாரக்கணக்கில் சூரியன் எழாது. ஆட்களுக்குச் சித்தம் கலங்கிவிடக் கூடாதென்று புதன்கிழமை மேசைப்பந்து, சனிக்கிழமை சினிமா, ஞாயிறு ஒருவருக்கொருவர் முடிவெட்டு. அங்கே நடுக்குளிர்காலமான ஜூனில் பெரிய விருந்து. ஆளுக்கொரு பரிசைக் கையாலேயே செய்து கொடுக்க வேண்டும். சிவராஜ் இதையெல்லாம் போனில் சொல்லச் சொல்ல, மஞ்சுளா அந்தப் பதினெட்டுப் பேரையும் வரிசையாக வெறுத்தாள். அதில் ஐந்து பேர் பெண்கள். யாரோ அவன் தலையைத் தொட்டு முடிவெட்டுகிறார்கள்! இவளோடு அவன் ஒரு சினிமாவை முழுசாக உட்கார்ந்து பார்த்ததில்லை.

பிறகு ஒரு பெயர் வந்தது. “மா ஹ்னின் வந்து ஜன்னலோட ஒட்டிக்கிட்டா, மஞ்சு. ரெண்டு நாளா என்னை வெளியவே விடல.” ஹ்னின் என்பது பர்மியப் பெண்களுக்கு வைக்கிற பெயர், முன்னால் வருகிற மா, மரியாதைக்கு. பூமியின் அடியிலும் ஒரு யாங்கூன்காரி போய் உட்கார்ந்திருக்கிறாளா என்று மஞ்சுளா கொதித்தாள். நான்கு மாதம் வெள்ளி தவறாமல் காளி கோயிலில் எலுமிச்சை விளக்கேற்றி, அவள் கால் ஒடிய வேண்டினாள்.

“அவள உருக்கித்தான் எல்லாரும் குடிக்கிறோம்” என்று அவன் சொன்னபோதுதான் விஷயம் விளங்கியது. ஹ்னின் என்றால் பனி. பனியை வெட்டி உருக்கித் தண்ணீராக்குவது அங்கே எல்லோருக்கும் முறைவேலை. அவன் விளையாட்டாக மா சேர்த்திருக்கிறான். பிறந்தது முதல் பர்மியம் பேசுகிறவளுக்கு இது தோன்றாமல் போயிற்று. பொறாமை காதை அடைத்துவிடும். தெரிந்த பிறகும் அடங்கவில்லை, இன்னும் ஏறியது. பெண்ணென்றால் போய்த் தலைமுடியைப் பிடிக்கலாம், பனிக்கு எதைப் பிடிப்பது? அக்டோபரில் அவன் இன்னொன்றும் சொன்னான்.

“இன்னொரு குளிர்காலம் இருந்துட்டு வரேன். அவள விட்டுட்டு வர மனசே இல்ல.”

“அப்ப அவளையும் கூட்டிக்கிட்டு வாங்க! நானும் அந்த மூஞ்சியப் பாக்கிறேன்.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு மஞ்சுளாவின் சமையலறையில் பனி விழ ஆரம்பித்தது. அதே நேரம் நிலையத்தின் மேல் பெய்வது நின்றது. ஆராய்ச்சியாளர்கள் கருவிகளைக் குறை சொன்னார்கள். சிவராஜ் மட்டும் வெறும் ஜன்னலைப் பார்த்துவிட்டு, முதல் கப்பலுக்குப் பெயர் கொடுத்தான்.

டிசம்பரில் வந்து சேர்ந்தவன் பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் சமையலறைக்குப் போனான். பானைமேல் கிடந்த பனியை அள்ளிக் கன்னத்தில் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் மஞ்சுளாவைப் பார்த்தான்.  அவள் அத்தனை பனியையும் தெருவில் தள்ளிவிடத் துடைப்பத்தை எடுத்தாள். தள்ளினால் இவனும் பின்னாலேயே போய்விடுவான் என்று அவளுக்குப் பட்டது. துடைப்பத்தை மூலையில் வைத்தாள்.

வீட்டில் வெளியாள் தங்கினால் வார்டு அலுவலகத்தில் பெயர் எழுத வேண்டும். மறுநாள் காலை அவளே போனாள். குமாஸ்தா தங்கவேலு படிவத்தை எடுத்தார்.

“பேரு?”

“மா ஹ்னின்.”

“எங்கேருந்து வந்திருக்காங்க?”

“தெக்கேருந்து.”

“எத்தன நாளைக்கு?”

“இருப்பா.”

“உனக்கு என்ன உறவு?”



“தங்கச்சி,” என்றாள்.

தங்கவேலு அப்படியே எழுதி, முத்திரை குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.