பழுப்பு நிற ஸ்பாஞ்ச்

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வாளிக்காகத்தான் நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

வீட்டில் பெரிய வாளி ஒன்றுதான். நீல நிறம். கைப்பிடி ஒரு பக்கம் உடைந்துபோய்க் கம்பியால் கட்டியது. போர்வையை ஊறவைக்கலாம் என்று சோப்புத்தூளும் கையுமாகக் குளியலறைக்குப் போனேன். என் கணவர் முக்காலியில் உட்கார்ந்து, வாளியில் மீன்தொட்டித் தண்ணீரை எடுத்து வைத்து, ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சை அதில் அமுக்கி அமுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார். தண்ணீர் சேற்று நிறமாக இருந்தது.

"இது துணி வாளிங்க."

"சோப்பு பட்டா இதுல இருக்கிற உயிரெல்லாம் போயிடும்மா. நீதான் இந்த வாளியைத் தொடக் கூடாது."

"என் வாளியை நானே தொடக் கூடாதா? நல்லா இருக்கே நியாயம்!"

"அடுத்த வாரம் இன்னொண்ணு வாங்கிடலாம்."

"நாலு வருஷமா அந்த அடுத்த வாரம் வந்துக்கிட்டேதான் இருக்கு."

அவர் சிரித்தார். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் மார்க்கரை எடுத்து வாளியின் மேல் "மீன் மட்டும்" என்று எழுதினார். நான் மார்க்கரைப் பிடுங்கி அதற்குக் கீழே "துணியும்" என்று எழுதினேன்.

அதற்குள் போன் அடித்தது. ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நிற்கிறதாம். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, ஃபில்டரை மூடி, பிளக்கைப் போட்டு, தண்ணீர் ஓடுகிறதா என்று ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டுக் கிளம்பினார். பன்னிரண்டு மாடி. மோட்டார் அறை உச்சியில். ஒன்பதாவது மாடிப் படிக்கட்டில், "கொஞ்சம் இரு, வரேன்" என்று கூட வந்தவரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஊருக்கெல்லாம் லிஃப்டை ஓடவைத்தவர் படி ஏறிச் செத்தார். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வருகிறது.

அந்தத் தொட்டியைப் பற்றிச் சொன்னால்தான் அதன் பிறகு நடந்தது புரியும். மூன்றடி நீளம். உள்ளே கல், மரவேர், புல் மாதிரி ஒரு செடி, நாடா மாதிரி ஒரு செடி, பெயர் தெரியாத சிவப்புச் செடி ஒன்று. நடுவில் இருபத்தாறு குட்டி மீன்கள், ஒவ்வொன்றின் விலாவிலும் ஒரு நீலக்கோடு. வாங்கிய புதிதில் வண்ணமீன் கடைக்காரர், தொட்டியின் விளிம்பில் தொங்கி அருவி மாதிரி தண்ணீரைக் கொட்டும் ஃபில்டர் ஒன்றை எங்கள் தலையில் கட்டினார். "மாசா மாசம் உள்ளே இருக்கிற பஞ்சு அட்டையைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு போடுங்க சார், அப்பதான் சுத்தம்" என்றார். அவர் சொன்னபடி செய்தோம். மாதா மாதம் இரண்டு மூன்று மீன் செத்தது. செடிகள் இளைத்தன. கடைக்காரரிடம் போய்க் கேட்டால், "மீன்னா சாகும் சார்" என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டே இன்னும் நாலு மீனைப் பையில் போட்டார். அந்த ஆளை நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் கணவர் மெக்கானிக் அல்லவா, பிரித்துப் பார்க்காமல் விட மாட்டார். மூன்று மாதம் படித்தார், பழையதைக் கழற்றிவிட்டு வேறு ஃபில்டர் மாட்டினார். படித்ததையெல்லாம் சாப்பாட்டு மேசையில் எனக்குச் சொன்னார், நான் கேட்கிறேனா என்றுகூடப் பார்க்காமல். அருவி மாதிரி கொட்டினால் செடி சுவாசிக்கிற வாயு தண்ணீரிலிருந்து பறந்துவிடும். அதனால் செடித்தொட்டிக்கு, கீழே அலமாரியில் வைக்கும் டப்பா ஃபில்டர்தான் சரி. ஒரு குழாய் தண்ணீரை உறிஞ்சும், ஒரு குழாய் திருப்பி விடும். விடுகிற குழாயைக் கண்ணாடிச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால் தண்ணீர் மேலே லேசாக நெளியும், கொப்பளிக்காது. செடி ஆட வேண்டும், வேரோடு பிடுங்கிக்கொண்டு போகக் கூடாது. அந்த டப்பாவுக்குள் ஸ்பாஞ்சும் பீங்கான் வளையங்களும். அவற்றில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் குடியேறும். மீனின் கழிவு விஷமாகாமல் அவைதான் பார்த்துக்கொள்ளும். அவை வளர மாதக்கணக்காகும், சாக ஒரு நாள் போதும்.

"ஃபில்டர்ங்கிறது அந்த டப்பா இல்லம்மா. உள்ளே இருக்கிற பழுப்பு நிறம்தான் ஃபில்டர்" என்பார்.

"அந்தப் பழுப்பைத்தானே என் வாளியில கரைக்கிறீங்க?" என்பேன்.

குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது, அதில் குளோரின் இருக்கிறது. தொட்டித் தண்ணீரிலேயே பிழிய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் சுத்தம் செய்யக் கூடாது. மின்சாரம் நின்று பல மணி நேரமாகிவிட்டால் டப்பாவை அப்படியே ஓடவிடக் கூடாது; உள்ளே நின்ற தண்ணீர் அழுகி நஞ்சாகியிருக்கும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். கேட்காமலே காதில் ஏறியவை.

அவர் போன அன்று மாலையிலிருந்து வீடு நிறைய ஆட்கள். நான் உள் அறையில் இருந்தேன். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று தெரியாது. புதன்கிழமை காலை கொஞ்சம் தண்ணீர் குடிக்கலாம் என்று கூடத்துக்கு வந்தேன். அழுகிய முட்டை நாற்றம். கணவரின் தம்பி, என் கொழுந்தன், துடைப்பமும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். நல்ல மனுஷன்தான். மூன்று நாளாக வீட்டைத் தாங்கியதே அவர்தான். அதனால்தான் அவர்மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"என்ன தம்பி நாத்தம்?"

"அதான் அண்ணி, நானும் பார்க்கிறேன். தொட்டி மோட்டார் ஓடாம இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை யாரோ போன் சார்ஜ் போட பிளக்கைப் பிடுங்கி விட்டிருக்காங்க. இப்பதான் திருப்பிப் போட்டேன். நல்லா ஓடுது பாருங்க!"

ஓடியது. மூன்று நாள் அழுகிய தண்ணீரை அது தொட்டிக்குள் நன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தது. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

நான் கத்தினேன். கணவர் இறந்த பிறகு நான் போட்ட முதல் சத்தம் அது. பிளக்கை நானே பிடுங்கினேன். உள் அறையிலிருந்து ஓடிவந்த உறவுக்காரப் பெண்மணி என் தோளைப் பிடித்து, "விடும்மா, மீன்தானே" என்றார்.

மீன்தானே. எந்த வீட்டில் யார் செத்தாலும் அந்த வீட்டுப் பூட்டை, கடிகாரத்தை, அடுப்பை யாரும் பிடுங்கி வைப்பதில்லை. போனில் பேட்டரி குறைந்தால் மட்டும் எதை வேண்டுமானாலும் பிடுங்கலாம் போலிருக்கிறது. துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் அப்படி என்ன அவசரமாகப் பேச வேண்டியிருந்தது? நாலு வருஷம் ஒரு மனுஷன் வளர்த்ததை ஒரு சார்ஜர் கொன்றது. யாருடைய சார்ஜர் என்று நான் கேட்டேன். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

தண்ணீரைப் பாதிக்குமேல் மாற்றியாக வேண்டும். நீல வாளியைத் தேய்த்துத் தேய்த்து, சோப்பு வாசனை போகும்வரை கழுவினேன். ஒரே வாளி. தொட்டியிலிருந்து குளியலறைக்கும் குளியலறையிலிருந்து தொட்டிக்கும் முப்பது நடையாவது நடந்திருப்பேன். குழாய்த் தண்ணீரில் குளோரினை முறிக்கும் மருந்து அலமாரியில் அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. மூடியின் மேல் "ஒரு வாளிக்கு 5 சொட்டு" என்று மார்க்கரில் எழுதியிருந்தார். எண்ணி எண்ணி விட்டேன். கைப்பிடிக் கம்பி உள்ளங்கையைக் கிழித்தது.

கடைசி வாளியை ஊற்றிவிட்டுத் திரும்பினால் கொழுந்தன் சமையலறையிலிருந்து வருகிறார். கையில் தட்டு. தட்டில் ஸ்பாஞ்சும் வளையங்களும். பால் மாதிரி வெள்ளை.

"அண்ணி, ஃபில்டரைப் பிரிச்சு பாத்திரம் கழுவுற சோப்பு போட்டுத் தேச்சுட்டேன். என்னா அழுக்கு! புதுசு மாதிரி ஆயிடுச்சு பாருங்க."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மிச்சம் மீதி ஏதாவது உயிர் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் கழிவுநீர்க் குழாயில் போயிருக்கும். அவர் முகத்தைப் பார்த்தேன். பரிசு வாங்க வந்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, உங்க அண்ணனோட கை பட்டதுல இந்த வீட்டுல உயிரோட இருந்தது அது ஒண்ணுதான். அதைத் தேச்சுட்டீங்க."

அவருக்குப் புரியவில்லை. புரியாமலே அழுதார். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

புதிய ஃபில்டர் பொருள் கடையில் கிடைக்கும். ஆனால் புதியதில் ஒன்றும் இருக்காது. அது பழக ஒன்றிரண்டு மாதம் ஆகும். அதற்குள் மீதி மீனும் போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும் வேறு தொட்டியின் ஸ்பாஞ்ச் வேண்டும். அப்போது பாசி ஞாபகத்துக்கு வந்தான்.

பாசி என்பது பட்டப்பெயர். கணவரோடு வேலை செய்யும் மெக்கானிக். இவரைப் பார்த்துத் தானும் தொட்டி வைத்தவன்; எப்போது பார்த்தாலும் கண்ணாடியில் பாசி. சாப்பிடும் நேரமாகப் பார்த்துப் போன் செய்து ஒரு மணி நேரம் பேசுவான். அவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. அந்த ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டில் கூட இருந்தவனும் அவன்தான். மூன்று நாளில் ஒரு தடவை வீட்டுப் பக்கம் வரவில்லை. ஊரே வந்து சார்ஜ் போட்டுக்கொண்டு போனது, இவன் மட்டும் வரவில்லை. அந்த ஆத்திரத்தோடுதான் போன் செய்தேன்.

"மூணு நாளா பிளக் இல்ல. ஃபில்டரைச் சோப்பு போட்டுக் கழுவிட்டாங்க. மீன் சாகுது. உன் ஃபில்டர்ல ஸ்பாஞ்ச் இருக்கா, இல்லையா?"

"சோப்பா?" என்றான். எத்தனையோ பேர் வந்து போன வீட்டில் அந்த ஒரு சொல்லைச் சரியான குரலில் சொன்னவன் அவன் ஒருவன்தான். "அக்கா, எதையும் தொடாதீங்க. அரை மணி நேரத்துல வரேன்."

இருபது நிமிஷத்தில் வந்தான். எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. வாசலில் மூச்சு வாங்க நின்றான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் பாதியளவு தண்ணீர், தண்ணீரில் ஒரு ஸ்பாஞ்ச். நல்ல பழுப்பு.

"ஏன் வரலை நீ?" என்று வாசலிலேயே கேட்டேன்.

"வந்தேன்க்கா. ஞாயித்துக்கிழமை, திங்கக்கிழமை, நேத்து. கீழே வரைக்கும் வந்தேன். படியைப் பார்த்தா..." பையைக் கீழே வைத்தான். "ஏற முடியலைக்கா."

நான் வழி விட்டேன்.

அவன் உள்ளே வந்து கொழுந்தனின் வெள்ளை ஸ்பாஞ்சைப் பார்த்தான். "இதைத் தட்டு துடைக்க வெச்சுக்கலாம்" என்றான். கொழுந்தனே சிரித்துவிட்டார். பிறகு முழங்கால் போட்டு உட்கார்ந்து டப்பாவையும் குழாய்களையும் சோப்பு போக அலசி, தான் கொண்டுவந்ததை அடியில் வைத்தான். பையில் இருந்த பழுப்புத் தண்ணீரையும் ஊற்றினான்.

"உன் தொட்டிக்கு?"

"பாதி வெட்டி வெச்சுட்டேன். அதுவும் என்னோடது இல்லக்கா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் மீன் எல்லாம் செத்தப்ப, அண்ணன் தன் ஸ்பாஞ்சுல பாதியை வெட்டி டிபன் பாக்ஸ்ல போட்டு வேலைக்குக் கொண்டுவந்து குடுத்தாரு. இது அதுதான்."

டிபன் பாக்ஸ்! அந்த நாள் எனக்கு ஞாபகம் இருந்தது. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போனார் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

பிளக்கைப் போட்டோம். தண்ணீர் சுவரில் மோதி லேசாக நெளிந்தது. அடுத்த நான்கு நாளில் பதினேழு மீன் செத்தது. ஒவ்வொன்றையும் நான்தான் வலையில் எடுத்தேன். பாசி தினமும் வந்து பார்த்தான், படி ஏறித்தான். ஐந்தாவது நாள் எதுவும் சாகவில்லை. ஆறாவது நாளும் இல்லை. ஒன்பது மீன் இருந்தது. ஒன்பதும் இன்னும் இருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கியது யார் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. தெரிந்தால் அவர்களை மன்னிப்பேனா என்று கேட்காதீர்கள். மாட்டேன். அந்தப் பிளக்கின் மேல் ஒரு டேப் ஒட்டி, "தொட்டால் கை உடையும்" என்று எழுதிவைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

கொழுந்தன் போன வாரம் வந்தபோது, "அண்ணி, ஒரு வாளி வாங்கிட்டு வரட்டுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வேண்டாம் என்றேன்.

இன்று ஞாயிறு. அவர் போய் எட்டு வாரம் ஆகிறது, ஸ்பாஞ்சைப் பிழிய வேண்டிய நாள். தொட்டித் தண்ணீரை வாளியில் எடுத்துக்கொண்டு குளியலறை முக்காலியில் உட்கார்ந்தேன். பாதி ஸ்பாஞ்சை மட்டும், அமுக்கி அமுக்கி. தண்ணீர் சேற்று நிறமானது. போர்வை ஒரு மூலையில், அடுத்து அதன் முறை.

வீட்டில் பெரிய வாளி இன்னும் ஒன்றுதான். அதன் மேல் "மீன் மட்டும்" என்று இருக்கிறது, அதற்குக் கீழே "துணியும்" என்று இருக்கிறது.