கேள்வி வந்தால் படுத்துக்கொள்ளும் வைஃபை

மர்வாவுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை அலி அஸ்கர் சவூதியில், தம்மாமில் வேலை பார்த்தான். வெள்ளிக்கிழமைதோறும் வீடியோவில் வருவான். வெயில், சாப்பாடு, அங்கே கிடைக்கும் மீன் என்று வாய் ஓயாது. கல்யாணத்துக்குப் பிறகும் நான் பள்ளிக்கூட வேலைக்குப் போகலாமா என்று மர்வா கேட்டால் மட்டும் படம் அப்படியே நின்றுவிடும். அப்புறம், "அலோ, கேக்கலயே" என்பான். உலகத்துப் பேச்சுக்கெல்லாம் ஓடுகிற வைஃபை இந்த ஒரு கேள்விக்கு மட்டும் படுத்துக்கொண்டது.

தன் பக்கம் லைன் பிரமாதம், கோளாறு உங்கள் வீட்டில்தான் என்று அவனே தீர்ப்பும் சொல்லிவிட்டான்.

அதை முழுக்க மறுக்கவும் முடியவில்லை. மோடம் இருப்பது முன்கூடத்தில். அங்கே வாப்பாவும் அவரைப் பார்க்க வருகிற ஆண்களும் உட்கார்ந்திருப்பார்கள். நிச்சயமான பெண் மாப்பிள்ளையோடு பேசுவதென்றால் உள்ளறையில், உம்மா பக்கத்தில் இருக்கத்தான். நடுவில் இருக்கிற மேலப்பாளையத்துப் பழஞ்சுவர்களைத் தாண்டுவதற்குள் வைஃபைக்கு மூச்சு வாங்கும்.

மர்வா ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். விடை தப்பினால் எந்த வரியில் தப்பியது என்று பார்க்காமல் விடமாட்டாள். அந்த வேலையை விட அவளுக்கு மனமில்லை. வண்ணார்பேட்டையில் ஒரு சின்ன அடாப்டர் வாங்கினாள். அதன் ஒரு முனை போனில் சார்ஜர் குத்துகிற இடத்தில் உட்காரும்; மறுமுனையில் மோடத்து ஒயரைச் செருகலாம். நீள ஒயரை வாப்பாவின் காலடி வழியாக உள்ளறைக்கு இழுத்து வந்தாள். ஒயர் மாட்டினால் சார்ஜ் போட இடமில்லை என்பதால் காலையிலேயே போனை நிரப்பி வைத்துவிட்டாள்.

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உம்மா ஆசியா உம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. "ஏட்டி, ஆட்டக் கட்டுன மாதிரி போனக் கட்டிப் போட்டுருக்க."

அன்று அலி அஸ்கரின் மீசை முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. மீன் கதை தடையில்லாமல் ஓடியது. மர்வா அந்தக் கேள்வியைக் கேட்டாள். பாதி திறந்த வாயோடு அவன் நின்றான், கண்கூட இமைக்கவில்லை.

மர்வா ஒயர் முனையை அழுத்திப் பார்த்தாள். இத்தனையும் வீணா? பிறகுதான் அவன் தலைக்குப் பின்னால் பார்த்தாள்.

"ஃபேன் மட்டும் சுத்துதே," என்றாள் பைய.

குட்டு உடைந்தது. மருமகள் வேலைக்குப் போவது அவன் உம்மாவுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ, கேட்கப் பயமாம். அதற்காகத்தான் இத்தனை வெள்ளிக்கிழமையும் சிலையாக நின்றானாம். மர்வாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் முதல்முறையாக அவன்மேல் பிரியம்தான் வந்தது. அதற்காக விட்டுவிடவும் இல்லை.

"கேட்டுட்டு வாங்க. ஒயரு இங்கனதான் கெடக்கும்."

அவன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். "கேக்கல. நீ வேலைக்குப் போவேன்னு சொல்லுதேன். இப்பவே சொல்லுதேன்," என்று அழைப்பைத் துண்டித்தான்.

சொன்னான் என்பது சீக்கிரமே தெரிந்தது. ஆசியா உம்மாளின் போனில் வாட்ஸப் அழைப்பு. சம்பந்தி அம்மாள்.

"எம் மொவன் என்னமோ சொல்லுதானே, நெசமாவா?" என்ற குரல் அறை முழுக்கக் கேட்டது.

ஆசியா உம்மாள் மகளைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள்.

"அலோ… அலோ… கேக்கலயே," என்றாள்.

மர்வா தன் போனிலிருந்து அடாப்டரைப் பிடுங்கி உம்மாவிடம் நீட்டினாள்.