கஞ்சி போட்ட காற்றுப்பை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அன்றைக்கு மட்டும் அது என் மேலேயே வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கு, ஐப்பசி. வெள்ளானூர் ஏரிக்குப் பக்கத்தில், யுத்தத்துக்காகப் போட்ட சின்ன விமானத் தளம். வீரராகவனாகிய எனக்கு அங்கே வானிலை பார்க்கிற உத்தியோகம். உயரமான கம்பத்தில் ஒரு நீளத் துணிப்பை கட்டியிருக்கும். காற்று பலமாக அடித்தால் அது விறைத்து நீட்டிக்கொள்ளும், காற்று இல்லையென்றால் தொங்கிவிடும். இறங்குகிற விமானி அதைப் பார்த்துத்தான் எவ்வளவு வேகத்தில் வருவது என்று முடிவு செய்வார்.

மறுநாள் பெரிய துரை பார்வையிட வருவதாகத் தகவல். பையெல்லாம் காக்கை எச்சம். ஏரிக்கரையில் எங்கள் துணிகளை வெளுக்கும் பூங்காவனத்திடம் உடுப்புகளோடு அதையும் கொடுத்து, "எல்லாம் விறைப்பா, பளிச்சுனு இருக்கணும்!" என்று கத்தினேன். விடிந்ததும் கொண்டுவந்தாள். தாமதமென்று அவளைத் திட்டிக்கொண்டே கம்பத்தில் ஏற்றினேன்.

எட்டு மணிக்குப் பை மேற்குக் காற்றில் பறப்பதுபோல் நேராக நின்றது. "பலத்த காற்று" என்று பதிவேட்டில் எழுதினேன்.

"இன்னா சார், காத்தா?" என்றாள் பூங்காவனம், துணி காயப்போட்டபடி. "என் கொடியில உங்க வேட்டி அசையவே காணோமே!"

பார்த்தேன். வேட்டி தொங்கிக் கிடந்தது. வேப்பிலைகூட ஆடவில்லை.

"அந்தப் பையில என்ன போட்டே?"

"கஞ்சிதான். எல்லாம் விறைப்பா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னது நான்தான். அதற்குள் கிழக்கே எஞ்சின் சத்தம் கேட்டது. துரைக்கு முன்னால் வருவது இளம் விமானி வரதன்; அவனுடைய சின்ன விமானத்தில் ரேடியோ கிடையாது. எதிர்க்காற்று பிடித்து நிறுத்தும் என்று நம்பி வேகமாக இறங்குவான். ஓடுதளத்தின் மேற்குக் கோடியில் ஏரி நிரம்பிக் கிடக்கிறது. ஐயோ, பையனை நானே தண்ணீரில் தள்ளிவிட்டேனே! பையை இறக்க ஓடினேன். கம்பத்துக் கயிற்றை இழுத்தேன், சிக்கிக்கொண்டது.

"அத்த உடுங்க சார்!" என்று பூங்காவனம் துணி அவிக்கும் வெள்ளாவி அடுப்புக்கு ஓடினாள். "பச்ச வைக்கோல அள்ளுங்க!"

அள்ளினேன், போட்டேன். புகை குபுகுபுவென்று கிளம்பி, வளையாமல் நெட்டுக்குத்தாக மேலே போயிற்று.

தரையைத் தொடப்போன விமானம் உறுமிக்கொண்டு எழுந்து எங்கள் தலைக்கு மேலே போனது. ஒரு சுற்றுச் சுற்றி, மெல்ல இறங்கி, ஏரிக்கு இருபது அடி முன்னால் நின்றது.

வரதன் வியர்த்து வழிந்துகொண்டு வந்தான். "பை புயலுங்குது, புகை காத்தே இல்லைங்குது. என்ன சார் இது?"

"புகைதான் நிஜம். பை என் தப்பு."

கயிற்றுச் சிக்கை அவிழ்த்து நான் இறக்கிய பையை அவன் தட்டிப் பார்த்தான். டொக்கென்று சத்தம் வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தான்.

நான் பதிவேட்டைத் திறந்து பழையதை அடித்தேன். "காற்று இல்லை" என்று எழுதினேன். 'பார்த்தவர்' என்ற இடத்தில் ஒரு பெயர் எழுதி, பூங்காவனத்திடம் காட்டினேன்.

"இன்னா எழுதிக்கீது?"

"உன் பேர்."

அவள் ஈரக் கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துவிட்டு, அந்த எழுத்துகளைத் தொட்டுப் பார்த்தாள்.