செவலையின் குட்டி

செவலை ஆட்டின் பின்னங்காலைப் பிடித்து இழுத்துவந்து, மதுமதி மறுபடியும் குட்டியின் அருகே நிறுத்தினாள். ஆடு குட்டியைத் தாண்டிப் போய்க் காலித் தொட்டியை மோந்தது. ஈரம் காயாத குட்டி நடுங்கிக்கொண்டிருந்தது.

வாசலில் பறை அதிர்ந்தது. மாமனார் அங்கமுத்துவின் உடலை ஆம்புலன்ஸிலிருந்து இறக்கிய சற்று நேரத்தில்தான் ஆடு ஈன்றது. பிள்ளைத்தாய்ச்சி பிணத்தைப் பார்க்கக் கூடாது என்று மதுமதியைப் பட்டிக்கு அனுப்பியிருந்தார்கள். ஊரே பார்த்த முகத்தை அவள் மட்டும் பார்க்கவில்லை.

அடுத்த தோட்டத்து ராசம்மாள் தூக்குப்போசியோடு வந்தாள்.

"சாவு ஊட்டுல அடுப்பு எரியாது. கம்பங்கூழ் காச்சியாந்தேன், குடி அம்மிணி."

"இது குட்டிய அண்ட மாட்டேங்குதுங்கக்கா."

ராசம்மாள் ஆட்டின் முதுகைத் தடவினாள். எலும்பு தட்டுப்பட்டது.

"செனையாட்டுக்கு வெறும் சோளத்தட்டு போட்டா? மடியப் பாரு, சுருங்கிக் கெடக்குது. வயித்துக்கு இல்லாத ஆட்டுக்குத் தீனி மேலதான் நெனப்பு. குட்டிய எங்க நெனைக்கும்?"

"எல்லாரும் ஆஸ்பத்திரிக்கே அலைஞ்சமுங்க. புண்ணாக்கு வாங்க ஆளில்லீங்க."

"கொற சொல்லலே. குட்டி தங்காது, உட்ருன்னு சொல்றேன்."

"மாமா ஆஸ்பத்திரில இருந்து போன்ல வந்தா, 'சாமி, செவலை ஈனுச்சா'ம்பாருங்க. தன்னப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

மதுமதி கூழில் பாதியைத் தொட்டியில் ஊற்றினாள்.

"அடக் கெரகமே, உனக்குக் கொண்டாந்தா ஆட்டுக்கு ஊத்தறயே. உன்ற வயித்துல இருக்கறது என்ன பாவம் பண்ணுச்சு?"

மதுமதி போசியைத் தூக்கி நாலு மடக்குக் குடித்தாள். பிறகு அடிக்கூழை வழித்துக் குட்டியின் முதுகிலும் வாலடியிலும் பூசினாள்.

"இதென்ன புது வைத்தியம்?"

"தீனி மேலதான் நெனப்புன்னீங்களே."

தொட்டியை நக்கித் துடைத்துவிட்ட ஆடு, கூழ் மணத்துக்குத் திரும்பியது. ஒரு முறை முட்டியது. பிறகு குட்டியின் முதுகில் நாக்கை வைத்தது.

பறை வாசலை விட்டு நகர்ந்தது. ராசம்மாள் எழுந்தாள்.

"எடுத்துட்டாங்க. வேலியோரம் நின்னா மாமன் மொகம் தெரியும். நான் யாருகிட்டயும் சொல்லலே, வா."

மதுமதியின் கை வேலிப்பக்கம் இருந்த கம்பத்தைப் பற்றியது. பிறகு விட்டது.

"நீங்க போங்கக்கா. நான் எந்திரிச்சா இது மிரண்டுரும்."

பறைச் சத்தம் வாய்க்கால் பக்கம் தேய்ந்துகொண்டே போனது. குட்டியின் முதுகில் கூழ் தீர்ந்திருந்தது. செவலை தொண்டைக்குள் மெல்லக் கனைத்தபடி, கூழ் படாத காதுகளை நக்கிக்கொண்டிருந்தது.